31 வயதுக்குப் பிறகு உச்சம் தொட்ட அதுரிஸ்: உடலா, ஆட்டமா, கிளப்பா?

கேள்வி கேட்டவர் ஸ்பெயினின் இரண்டு கால்பந்து ஸ்ட்ரைக்கர்களை அருகருகே நிறுத்தியிருக்கிறார். பெர்னாண்டோ டோரஸ் 27 வயதை எட்டுவதற்குள் தளர்ந்துபோனார். அவரைவிட மூன்று வயது மூத்தவரான அரிட்ஸ் அதுரிஸோ 31 வயதுக்குப் பிறகுதான் தன் சிறந்த ஆட்டத்தை ஆடினார். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உடல்வாகா, ஒழுக்கமா, பயிற்சியா என்று அவர் கேட்கிறார். கடைசி வரியில், தானும் 29 வயதில் மாவட்ட லீக்கில் ஸ்ட்ரைக்கராக ஆடுவதாகவும், முன்போல ஓட முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். எனவே இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: வேகம் குறைந்த பிறகும் ஒரு ஸ்ட்ரைக்கரால் கோல் அடிக்க முடியுமா, முடியுமென்றால் எதை நம்பி அடிப்பது? அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் பல ஆண்டுகளாக இளம் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருபவன். ஸ்ட்ரைக்கர்களுக்குப் பாடம் எடுக்கும்போது அதுரிஸின் ஆட்டப் பதிவுகளை நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டுவது என் வழக்கம். ஆகவே களத்தில் அவர் என்ன செய்தார் என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். அவருடைய உடலுக்குள் என்ன நடந்தது என்பது மருத்துவர்கள் பேச வேண்டிய விஷயம். அதில் நான் சொல்வதை ஒரு பயிற்சியாளரின் ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத விவரங்களைப் பார்த்துவிடலாம். அதுரிஸ் 1981 பிப்ரவரி 11 அன்று பாஸ்க் பகுதியின் கடற்கரை நகரமான சான் செபாஸ்டியனில் பிறந்தார். ஷாபி அலோன்சோ, மிகெல் ஆர்டேட்டா போன்றோரும் சிறுவயதில் ஆடிய அன்டிகுவோகோ என்ற உள்ளூர் கிளப்பில்தான் அவரும் வளர்ந்தார். 2002இல் அத்லெடிக் பில்பாவ் அணிக்காக ஸ்பெயினின் முதல் நிலை லீக்கான லா லீகாவில் அறிமுகமானார். ஆனால் அந்த சீசனில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களே கிடைத்தன. அடுத்த ஆண்டே மூன்றாம் நிலை லீக்கில் ஆடிய பர்கோஸுக்கும், பிறகு இரண்டாம் நிலையில் இருந்த வயாடோலிடுக்கும் போக வேண்டியதாயிற்று. 2005 டிசம்பரில் அத்லெடிக் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அந்த இரண்டாவது தவணையில், ஒரு சீசனில்கூட அவர் லீக்கில் 10 கோல்களைத் தொடவில்லை. 2008இல், பெர்னாண்டோ யோரென்டே என்ற இளம் ஸ்ட்ரைக்கர் வேகமாக மேலெழுந்துகொண்டிருந்த நேரத்தில், கிளப் அதுரிஸை மயோர்காவுக்கு விற்றது. அங்கே இரண்டு சீசன்களிலும் 10ஐத் தாண்டினார். அதில் இரண்டாவது சீசனில் மயோர்கா லீக்கில் ஐந்தாம் இடம் பிடித்தது. 2010இல் வலென்சியாவின் ஸ்ட்ரைக்கர் டேவிட் வியா பார்சிலோனாவுக்குப் போனதும், அந்த இடத்தை நிரப்ப அந்தக் கிளப் வாங்கியவர்களில் அதுரிஸும் ஒருவர். அங்கே ரொபெர்டோ சொல்டாடோதான் முதல் தேர்வு. அதுரிஸ் பெரும்பாலும் அவருக்கு அடுத்த இடத்தில்தான் இருந்தார்.

2012 கோடையில், 31 வயதில், அவர் மூன்றாவது தவணைக்காக அத்லெடிக்குக்குத் திரும்பினார். அதுவரை முதல் நிலை லீக்கில் ஒரே சீசனில் அவர் அடித்த அதிகபட்சக் கோல்கள் 12. திரும்பி வந்த பிறகு வரிசையாக 14, 16, 18, 20. வழக்கமாக ஒரு ஸ்ட்ரைக்கரின் எண்ணிக்கை இறங்கத் தொடங்கும் 31 முதல் 35 வயது வரையிலான ஆண்டுகளில், இவருடைய எண்ணிக்கை படிப்படியாக ஏறியிருக்கிறது. 2014-15, 2015-16 ஆகிய இரண்டு சீசன்களிலும், லீக்கில் அதிகக் கோல் அடித்த ஸ்பானிய வீரருக்கான சாரா விருது அவருக்கே கிடைத்தது. 2015-16இல் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 36 கோல்கள். ஸ்பெயின் அணியைப் பொறுத்தவரை, 2010 அக்டோபரில் லிதுவேனியாவுக்கு எதிராக ஒரே ஒரு ஆட்டம் ஆடியவர், அடுத்த ஆட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தார். 2016 மார்ச்சில் இத்தாலிக்கு எதிரான அந்த ஆட்டத்தில் கோல் அடித்தார். யூரோ 2016 அணியிலும் இடம்பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் மாசிடோனியாவுக்கு எதிராகக் கோல் அடித்தபோது அவருக்கு வயது 35 ஆண்டுகள் 275 நாள்கள். ஸ்பெயினுக்காகக் கோல் அடித்த மிக மூத்த வீரர் என்று 1930 முதல் ஹோசே மரியா பேன்யாவின் பெயரில் இருந்த சாதனையை அந்தக் கோல் முறியடித்தது.

டோரஸைப் பற்றியும் சில விவரங்கள் உறுதியானவை. 17 வயதில் அத்லெடிகோ மாட்ரிட்டின் முதல் அணியில் ஆடத் தொடங்கியவர் அவர். 2007-08இல் லிவர்பூலுக்காக லீக்கில் மட்டும் 24 கோல்கள் அடித்தார். 2010இல் சில மாத இடைவெளியில் முழங்காலில் இரண்டு அறுவைச் சிகிச்சைகள் செய்துகொண்டு, அந்த ஆண்டே உலகக் கோப்பைக்கும் போனார். 2011 ஜனவரியில் 5 கோடி பவுண்டுக்குச் செல்சிக்கு மாறிய பிறகு, அங்கே லீக்கில் 110 ஆட்டங்களில் 20 கோல்களே அடித்தார். டோரஸின் பெரிய ஆயுதம், டிஃபெண்டருக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தை நோக்கிப் பாய்ந்து ஓடும் முதல் ஐந்தாறு அடிகள். எதிராளியைவிட அரை நொடி முன்னால் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் மீதியெல்லாம் அவருக்கு எளிது. அந்த அரை நொடி போனபோது, அவர் கட்டியெழுப்பிய ஆட்டமே ஆட்டம் கண்டது. அதற்கு முழங்கால்தான் காரணம் என்று பலரும் அடித்துச் சொல்கிறார்கள். நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். செல்சியில் பந்து அவரிடம் வந்த விதம் வேறு, ஓடுவதற்கு இருந்த இடமும் குறைவு. மிகச் சிறிய வயதிலிருந்தே சுமந்த ஆட்டங்களின் எண்ணிக்கையையும் கணக்கில் எடுக்க வேண்டும். இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று வெளியிலிருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இனி அதுரிஸின் ஆட்டத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். அவர் சுமார் 1.82 மீட்டர் உயரம். கோலுக்கு முன் நடுவில் நின்று தடுக்கும் ஐரோப்பிய சென்டர் பேக்குகளுக்கு நடுவே இது பெரிய உயரமில்லை. ஆனாலும் அந்தத் தலைமுறையில் ஸ்பெயினில் பந்தைத் தலையால் அவரைப்போல அடித்தவர்கள் மிகச் சிலரே. பதிவில் கவனியுங்கள்: வலது ஓரத்தில் விங்கர் பந்தைத் தயார் செய்துகொண்டிருக்கும்போது, அதுரிஸ் பெரும்பாலும் கோலுக்கு நேரே நிற்க மாட்டார். பந்து வரும் பக்கத்துக்கு எதிர்ப்புறத்தில், சென்டர் பேக்கின் முதுகுப் பக்கமாக, அவருக்கும் ஓரத்தில் தடுக்கும் ஃபுல் பேக்குக்கும் இடையே நிற்பார். பந்தைப் பார்க்கும் டிஃபெண்டரால் அவரைப் பார்க்க முடியாது. அவரைப் பார்க்கத் திரும்பினால் பந்தைத் தவறவிட வேண்டிவரும். விங்கரின் கால் பின்னால் போகும் அந்த நொடியில் இரண்டு அடி பின்வாங்கி இடம் உண்டாக்கிக்கொண்டு, பந்து கிளம்பியதும் முன்னோக்கி இரண்டு மூன்று அடி வைத்து ஒற்றைக் காலில் எழும்புவார். டிஃபெண்டர் நின்ற இடத்திலிருந்து இரண்டு காலாலும் குதிப்பார்; அதுரிஸ் ஓடிவந்து குதிப்பார். எழும்பும்போது கைகளை உயர்த்தி உடலைத் தூக்கிக்கொள்வார். பந்து நெற்றியில் படும்வரை கண்ணை மூட மாட்டார். பெரும்பாலும் தரையைப் பார்த்தே அடிப்பார். எதிராளிக்கு முன்பாகவே எழும்பிவிடுவதால், அவர் காற்றில் நின்றுவிட்டதைப் போலத் தோன்றும். அது உடல் வலிமையைவிட அதிகமாக, எப்போது எழும்ப வேண்டும் என்ற கணக்கு.

இந்தக் கணக்கு 22 வயதைவிட 32 வயதில் நன்றாக வரும் என்பதுதான் என் பதிலின் மையம். எந்த விங்கர் எப்போது கிராஸ் (ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் அனுப்பும் பந்து) போடுவார், எந்த டிஃபெண்டர் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பார், எந்த கோல்கீப்பர் வெளியே வரத் தயங்குவார் என்பதெல்லாம் ஆடி ஆடித்தான் பிடிபடும். அதுரிஸ் மூன்றாம் நிலையிலிருந்து மேலேறி வந்தவர். பெஞ்சில் உட்கார்ந்து, நான்கைந்து அணிகள் மாறி, வெவ்வேறு பயிற்சியாளர்களின் கீழ் ஆடி இந்தப் பாடத்தைச் சேர்த்துக்கொண்டவர். வேகத்தை நம்பிப் பெரிய வீரர் ஆனவராக அவர் ஒருபோதும் இருந்ததில்லை; ஆகவே வயதோடு வேகம் குறைந்தபோது அவர் இழந்ததும் குறைவு. டோரஸுக்கும் அவருக்கும் உள்ள வேறுபாட்டில் நான் மிக உறுதியாகச் சொல்லக்கூடிய பகுதி இதுதான்.

தலையடி மட்டுமே தெரிந்தவர் என்று அவரை நினைத்துவிட வேண்டாம். 2016 பிப்ரவரியில் ஐரோப்பா லீக்கில் மார்செய் அணிக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோலைத் தேடிப் பாருங்கள். கோலிலிருந்து 30 மீட்டருக்கும் அதிகத் தொலைவில், வந்த பந்தை மார்பில் வாங்கி, அது தாழ்ந்து வரும்போதே வலது காலால் கோல்கீப்பருக்கு மேலாக அனுப்புகிறார். மார்பில் பட்ட பந்து எவ்வளவு எழும்ப வேண்டுமோ அவ்வளவுதான் எழும்புகிறது. அந்த முதல் தொடுகை சரியாக இல்லையென்றால் இரண்டாவதுக்கு வாய்ப்பே இல்லை. பெனால்டியிலும் அவருக்குத் தனிப் பாணி உண்டு. மெதுவாக வந்து, கடைசி அடிக்கு முன் ஒரு சின்னத் துள்ளல். கோல்கீப்பரின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டு, உள்பாதத்தால் மறுபக்கம் தள்ளிவிடுவார். எண்களை எடைபோடும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: 2016 நவம்பரில் ஹெங்க் அணிக்கு எதிராக அத்லெடிக் 5-3 என்று வென்றபோது ஐந்து கோல்களையும் அடித்தவர் அவர்தான், அதில் மூன்று பெனால்டிகள். அந்த இரவின் பெருமையை இது குறைத்துவிடாது. ஆனால் அணியின் பெனால்டிகளை எடுப்பவராக இருப்பது ஒரு ஸ்ட்ரைக்கரின் கணக்கை உயர்த்தும். அவருடைய பிற்காலக் கோல்களை முற்காலக் கோல்களோடு அப்படியே ஒப்பிடுவதில் இருக்கும் சிக்கல் அது.

அடுத்தது கிளப். பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். பாஸ்க் பகுதியில் பிறந்தவர்களையோ அங்கே ஆட்டம் கற்று வளர்ந்தவர்களையோ மட்டுமே அத்லெடிக் பில்பாவ் தன் அணியில் சேர்க்கும். 2012இல் யோரென்டே புதிய ஒப்பந்தத்துக்கு உடன்படாமல் வெளியேற முடிவு செய்தபோது, வேறொரு கிளப்பாக இருந்திருந்தால் பிரேசிலிலிருந்தோ பிரான்சிலிருந்தோ 22 வயது ஸ்ட்ரைக்கர் ஒருவரை வாங்கியிருக்கும். அத்லெடிக்கால் அது முடியாது. அவர்கள் தேடக்கூடிய சிறிய வட்டத்துக்குள் தயாராக இருந்த ஸ்ட்ரைக்கர் அதுரிஸ். அப்போதைய பயிற்சியாளர் மார்செலோ பியல்சா அவரை முதல் தேர்வாக ஆடவிட்டார். 2013இல் எர்னெஸ்டோ வால்வெர்தே பொறுப்பேற்ற பிறகு, அணியின் தாக்குதலே அதுரிஸைச் சுற்றி அமைந்தது. மார்கெல் சுசயேட்டா, ஓஸ்கர் டி மார்கோஸ் போன்றவர்கள் ஓரங்களிலிருந்து கிராஸ்களை இடைவிடாமல் அனுப்பினார்கள். 2015இல் ராவுல் கார்சியா வந்த பிறகு, அதுரிஸ் முட்டிவிடும் பந்தை அருகிலேயே நின்று எடுத்துக்கொள்ள இன்னொருவர் இருந்தார். அவருடைய பலம் என்னவோ அதையே அணி கேட்டது. வலென்சியாவில் இருந்தவரும் இதே வீரர்தான், அங்கே இப்படிக் கேட்கப்படவில்லை.

இதற்கு ஒரு எடுத்துக்காட்டாக 2015 ஆகஸ்டைச் சொல்லலாம். அந்த ஆண்டு லீக், கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்றிருந்த பார்சிலோனா, ஸ்பானிய சூப்பர் கோப்பையின் முதல் ஆட்டத்துக்காக அத்லெடிக்கின் மைதானமான சான் மமேஸுக்கு வந்தது. மைதானத்தின் நடுவிலிருந்து மிகெல் சான் ஹோசே தூக்கி அடித்த முதல் கோலுக்குப் பிறகு, இரண்டாம் பாதியில் அதுரிஸ் பதினைந்து நிமிடங்களுக்குள் ஹாட்ரிக் அடித்தார், ஆட்டம் 4-0. மூன்று நாள் கழித்து பார்சிலோனாவில் நடந்த இரண்டாவது ஆட்டம் 1-1 என்று முடிந்தது; அத்லெடிக்கின் அந்த ஒரு கோலும் அதுரிஸுடையது. அத்லெடிக் 31 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கோப்பையைக் கையில் எடுத்தது. பார்சிலோனா மூன்று நாள் முன்புதான் செவியாவுடன் கூடுதல் நேரம்வரை ஆடிக் களைத்து வந்திருந்தது, வழக்கமான சில வீரர்களுக்கு ஓய்வும் கொடுத்திருந்தது. அதையும் சொல்லிவிடுவதே நியாயம். ஆனாலும் ஓரத்திலிருந்து பந்து, பெனால்டி ஏரியாவில் ஒரு தலை, முதல் மோதலில் சிதறும் பந்தை எடுக்கக் கூட்டம் என்ற எளிய முறை ஒரு பெரிய அணியை எப்படித் திணறடிக்கும் என்பதற்கு, அந்த ஆட்டத்தைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை.

ஒழுக்கம், உணவு, உடல்வாகு பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். சிறுவயதில் அவர் பனிச்சறுக்கில் போட்டியிட்டவர், அதனால்தான் காலும் மூச்சும் உறுதியாக இருந்தன என்பார்கள். அவர் பனிச்சறுக்கு ஆடியது உண்மை. 25 ஆண்டுகள் கழித்து அடித்த கோல்களுக்கு அதுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. 20களின் தொடக்கத்தில் முதல் நிலை லீக்கில் அதிக ஆட்டங்கள் ஆடாததால் உடல் தேயாமல் இருந்தது என்ற வாதம் கொஞ்சம் ஏற்கத்தக்கதாகத் தெரிகிறது. டோரஸ் 17 வயதிலிருந்து முழுச் சுமையைத் தாங்கினார் என்பதோடு அது பொருந்திப் போகிறது. ஆனாலும் இரண்டு பேரை மட்டும் வைத்து விதி சொல்ல முடியாது. கீழ்நிலை லீக்குகளில் ஆண்டுக்கணக்கில் ஆடிவிட்டு 28 வயதிலேயே காலியான வீரர்கள் எத்தனையோ பேர். தளராதவர்களின் கதை மட்டும் நம் காதுக்கு வருகிறது.

மேலும், அவருடைய உடல் தேயவே இல்லை என்பதும் சரியல்ல. 2017-18இல் 37 வயதிலும் ஐரோப்பா லீக்கில் 8 கோல்கள் அடித்து, இத்தாலிய ஸ்ட்ரைக்கர் சிரோ இம்மோபிலேயுடன் அதிகக் கோல் அடித்தவர் என்ற இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அதற்கடுத்த சீசனில் லீக்கில் 2 கோல்கள்தான். இடுப்பு மூட்டு அவரை விடவில்லை. 2019 ஆகஸ்டில், தன் கடைசி சீசன் என்று அறிவித்துவிட்டு, பார்சிலோனாவுக்கு எதிரான முதல் லீக் ஆட்டத்தில் 88ஆம் நிமிடம் மாற்று வீரராக இறங்கினார். அடுத்த நிமிடமே ஆன்டெர் காபா வலப்பக்கத்திலிருந்து போட்ட கிராஸை, உடலைப் பின்னால் சாய்த்து அந்தரத்தில் உதைத்து கோல்கீப்பர் டெர் ஸ்டெகனைத் தாண்டி அனுப்பினார், 1-0. வயது 38. அத்லெடிக்குக்காக அவர் அடித்த 172ஆவது கோல் அது. அதற்குப் பிறகு கோல் இல்லை. 2020 மே மாதம், பெருந்தொற்றால் லீக் நின்றிருந்த நேரத்தில், அன்றாட வாழ்க்கையைச் சாதாரணமாக நடத்த வேண்டுமானால் கூடிய விரைவில் செயற்கை இடுப்பு மூட்டு பொருத்த வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டதாக அறிவித்து ஓய்வு பெற்றார். தள்ளிவைக்கப்பட்டிருந்த கோப்பை இறுதியாட்டம், அதுவும் தன் சொந்த ஊர் அணியான ரியல் சொசியதாதுக்கு எதிரானது, அவருக்குக் கிடைக்காமல் போயிற்று. ஒற்றைக் காலில் எழும்பி இறங்குவதை ஆயிரக்கணக்கான முறை செய்ததுதான் அந்த மூட்டைத் தேய்த்ததா என்று ஒரு பயிற்சியாளனாக எனக்குள் கேள்வி உண்டு. அதற்கு விடை சொல்லும் தகுதி எனக்கில்லை.

கேட்டவருக்கு நேரடியாக: உங்கள் வயது 29 என்பதைவிட, இதுவரை நீங்கள் அடித்த கோல்களில் எத்தனை வேகத்தால் வந்தவை என்பதுதான் முக்கியம். கடந்த சீசனில் அடித்தவற்றை நினைவுபடுத்தி எழுதிப் பாருங்கள். பாதிக்கு மேல் டிஃபெண்டரைத் தாண்டி ஓடி அடித்தவை என்றால், ஆட்டத்தை இப்போதே மாற்றத் தொடங்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறையாவது, இரு ஓரங்களிலிருந்தும் ஒருவரைக் கிராஸ் போடச் சொல்லுங்கள்; ஒரு டிஃபெண்டரையும் நிறுத்திக்கொண்டு, அவருடைய முதுகுப் பக்கத்திலிருந்து தொடங்கிப் பழகுங்கள். தலையால் அடிப்பதைவிட, எப்போது கிளம்புவது என்பதில்தான் கவனம் இருக்கட்டும். தலையடிகளின் எண்ணிக்கையை மிதமாக வைத்துக்கொண்டு, நிற்கும் இடத்தையும் கிளம்பும் நேரத்தையும் பந்தில்லாமலும் பழகலாம். உங்கள் அணியில் கிராஸ் போட ஆளே இல்லையென்றால், இதையெல்லாம் கற்றும் பெரிய பலன் இருக்காது. பயிற்சியாளரிடம் அதைப் பேசுங்கள். தொடை இடுக்கிலோ இடுப்பிலோ ஆட்டத்துக்கு மறுநாளும் வலி இருந்தால், மாத்திரை போட்டுக்கொண்டு இறங்காமல் எலும்பு மூட்டு மருத்துவரைப் பார்த்துவிட்டு ஆடுங்கள்.